அப்பாவின் நோட்டுப் புத்தகமும் ஆறாயிரம் பாடல்களும்

"ஏம்மா, உங்கப்பா என்னையப் பாடச் சொல்லி ஒரு கேசட்டுல புடிச்சு வச்சாரே, அது ஒங்கிட்டதான இருக்கு? கொஞ்சம் போடேன், கேப்போம்."

2019-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. என் தம்பியின் தலைப்பிள்ளைக்கு அப்போது முப்பதுகூடக் கழியவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அம்மா தாலாட்டத் தொடங்கினார். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடியில் குரல் நின்றுவிட்டது. நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் அந்தக் கேசட்டைப் பற்றிக் கேட்டார். 1984-இல் என் தம்பி தொட்டில் பிள்ளையாக இருந்தபோது அம்மா பாடிய அதே தாலாட்டை அப்பா பதிவு செய்து வைத்திருந்தார்.

"இருக்கும்மா, இதோ!" என்று பெருமையோடு மடிக்கணினியைத் திறந்தேன். பெருமைக்குக் காரணம் உண்டு. உள்ளங்கை அகல வன்தட்டு ஒன்றில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையும் முந்நூற்றுக்கு மேற்பட்ட படங்களையும் சேர்த்து வைத்திருந்தவள் நான். பள்ளியில் பொங்கல் விழாவா, ஆசிரியர் தின ஆடலா, "டீச்சர்கிட்டக் கேளுங்க, இருக்கும்" என்பார்கள்.

தேடும் கட்டத்தில் "தாலாட்டு" என்று எழுதினேன். சினிமாத் தாலாட்டுகள் வந்தன. "அம்மா" என்று எழுதினேன். அம்மாவைப் பற்றிய சினிமாப் பாடல்கள் வரிசையாக வந்து நின்றன. என் அம்மா மட்டும் வரவில்லை! அப்பாவின் கேசட்டுகளிலிருந்து எடுத்தவை எல்லாம் "ஆடியோ 001", "ஆடியோ 002" என்று வெறும் எண்களாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் ஓடும். எதைத் திறப்பது? எந்த இடத்தில் தேடுவது? ஒன்பது பத்துக் கோப்புகளை அங்குமிங்கும் தட்டிப் பார்த்தேன். பிள்ளை பாட்டில்லாமலே தூங்கிவிட்டது.

"பரவால்ல விடும்மா, அப்புறம் தேடிக்கலாம்" என்றார் அம்மா. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்பு வாசகர்களே, இன்று நம் வீடுகளில் பாட்டுக்கும் படத்துக்கும் பஞ்சமில்லை. கைப்பேசியில் ஆயிரம், பென்டிரைவில் இரண்டாயிரம், மகன் விட்டுப்போன பழைய கணினியில் இன்னும் எத்தனையோ. ஆனால் வேண்டியபோது வேண்டியது கைக்கு வருகிறதா? அந்த மாலைப் பொழுது எனக்குக் கற்றுத் தந்த பாடத்தையும், அதன்பின் நான் கைக்கொண்ட ஒழுங்கையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சதுரக்கோட்டு நோட்டு

அப்பா கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் போய் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு வீடு திரும்பினால் அவருக்கு இருந்த ஒரே ஆசை பாட்டுக் கேட்பதுதான். புகை இல்லை, குடி இல்லை. மிச்சம் பிடித்த காசெல்லாம் கேசட்டாக மாறும். அப்படிச் சேர்ந்தவை 112. எல்லாம் 90 நிமிடக் கேசட்டுகள். பக்கத்துக்கு 45 நிமிடம்.

ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி எண் போட்டிருப்பார். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம். நான் கணக்குப் பாடத்துக்கு வாங்கி மிச்சம் வைத்த சதுரக்கோட்டு நோட்டு அது. கேசட்டுக்கு ஒரு பக்கம். முன்புறம் 'அ', பின்புறம் 'ஆ'. அதன் கீழே வரிசையாகப் பாட்டின் முதலடி, படத்தின் பெயர், பாடியவர். லயத்தில் யார் வந்து எந்தப் பாட்டைக் கேட்டாலும் நோட்டைப் புரட்டி, "முப்பத்திரண்டு ஆ, மூணாவது பாட்டு" என்பார். அரை நிமிடத்தில் பாட்டு வந்துவிடும். அவர் நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்த மகள் என்ன செய்தேன் தெரியுமா? 2008-இல் அந்த 112 கேசட்டுகளையும் பட்டணத்துக் கடையொன்றில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றி வாங்கினேன். 2011-இல் தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளும் உடைபட்டு, நாங்கள் தாமான் வீட்டுக்கு மாறினோம். "எல்லாந்தான் கணினிக்கு வந்துவிட்டதே, இனி இது எதற்கு?" என்று கேசட்டுகளை இரண்டு சாக்குகளில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். நோட்டும் அதோடு போய்விட்டதாகவே நினைத்திருந்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. 2017-இல் அவர் காலமானார்.

தாலாட்டைத் தேடித் தோற்ற பதினோராம் நாள், அம்மாவின் மருத்துவ அட்டைக்காக அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணப் படத்துக்கும் பழைய அடையாள அட்டைக்கும் கீழே, சேலைத்துணியில் சுற்றியபடி அந்த நோட்டு! அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "உங்கப்பா கையெழுத்தாச்சேன்னு எடுத்து வச்சேன்" என்றார்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினேன். 'ஆ' பக்கத்தில் ஏழு சினிமாப் பாடல்கள். அதற்கும் கீழே சிவப்பு மையில், "பிறகு வெற்று. கடைசியில் வீட்டுக் குரல். சின்னவனுக்குத் தாலாட்டு. 84" என்று இருந்தது.

கேசட்டுக்கு இரண்டு பக்கம். அப்படியானால் 47-இன் பின்பக்கம் 94-ஆவது கோப்பு. திறந்தேன். பாடல்கள் முடிந்து ஆறு நிமிடம் வெறும் இரைச்சல். ஒருமுறை நான் அதை வெற்று நாடா என்று எண்ணி அழிக்கக்கூட நினைத்ததுண்டு! முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம். அதற்குள்ளிருந்து இருபத்தைந்து முப்பது வயதுப் பெண்ணொருத்தியின் குரல் எழுந்தது. அம்மா கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

அளக்காமல் போட்டதன் வினை

கதை இங்கேயே முடிந்திருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நோட்டு கிடைத்ததும் எனக்கு ஒரு கணக்கு உறுத்தியது. 112 கேசட்டுகளுக்கு 224 பக்கங்கள். வன்தட்டில் இருந்தவையோ 222 கோப்புகள். இரண்டு எங்கே?

நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். 60-ஆம் கேசட் வரை எல்லாம் சரி. 121-ஆவது கோப்பைத் திறந்தால் 62-ஆம் கேசட்டின் முதல் பாட்டு ஒலித்தது. 61 இல்லவே இல்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தில் அப்பா எழுதியிருந்தது இதுதான்: "அப்பா பேச்சு. ரஜூலாவில் வந்த கதை. இரண்டு பக்கமும்."

என் தாத்தாவின் குரல் அது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, தோட்டம் வந்து சேர்ந்த கதையை அவர் தம் வாயால் சொன்ன ஒன்றரை மணி நேரம். தாத்தா 1991-இல் மறைந்தார். அந்தக் கேசட் கடையில் விடுபட்டதோ, போகும் வழியில் என் கைக்கு நழுவியதோ, யாருக்குத் தெரியும்? கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2008-இல் கோப்புகளை வாங்கிய அன்றே எண்ணிப் பார்த்திருந்தால், மறுநாளே போய்க் கேட்டிருக்கலாம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று மாணவர்களுக்குப் பழமொழி நடத்தும் ஆசிரியை, அளக்காமல் போட்டுவிட்டேன்!

நம் வீட்டுக்கு மட்டும் வந்த இழப்பல்ல இது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ஆம் நாள் திரைக்கு வந்தது. அதன் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. அதற்கு முன்னர் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற ஊமைப்படமும் இல்லாமற்போனது. இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனே நகரில் தொடங்கியதே 1964-இல்தான். அதற்குள் எத்தனையோ போய்விட்டன. பெரிய படநிறுவனங்களின் கதியே அப்படியென்றால் நம் லயத்து வீட்டுக் கேசட்டுக்கு யார் காவல்? நாம்தான்.

முதல் வேலை எண்ணுவது

நீங்கள் உங்கள் சேகரிப்பை ஒழுங்கு செய்ய உட்காரும்போது முதல் நாள் எதையும் அழிக்காதீர்கள், எதற்கும் பெயர் மாற்றாதீர்கள். கைப்பேசி, பென்டிரைவ், பழைய கணினி, வட்டு ஆகிய எல்லாவற்றிலும் உள்ளதை ஒரே வன்தட்டில் நகல் எடுங்கள். எந்த இடத்திலிருந்து எத்தனை கோப்பு வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

நகல் எடுக்கும்போது ஒரு கண்ணி உண்டு. வி.சி.டி. வட்டுகளில் வந்த படங்களைப் பாருங்கள். எந்தப் படத்தின் வட்டைத் திறந்தாலும் உள்ளே படக்கோப்பின் பெயர் பெரும்பாலும் 'ஏ.வி.எஸ்.இ.க்யூ. 01' என்றே இருக்கும். ஒரு படம் இரண்டு மூன்று வட்டுகளில் வரும். அந்த இரண்டிலும் மூன்றிலும் அதே பெயர்தான். எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போட்டு, "பழையதன்மேல் எழுதட்டுமா?" என்று கணினி கேட்கும்போது தெரியாமல் சம்மதித்துவிட்டால், இரண்டாவது படம் முதல் படத்தை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வட்டுக்கும் முதலில் ஓர் உறை திறந்து, பெயர் எழுதி, அதற்குள் நகல் எடுங்கள்.

கேசட்டே இன்னும் கையில் இருக்கிறதா? நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. காதொலிக்கருவி செருகும் துளையிலிருந்து ஒரு கம்பியால் கேசட் பெட்டியைக் கணினியோடு இணைத்து, 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளால் நீங்களே பதிவு செய்யலாம். குறுக்குவழி கிடையாது, 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும். அப்பாவின் 112 கேசட்டுகளுக்கு 168 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி என்றால் 84 நாள். பாதியில் பொறுமை இழப்போம் என்பதால் வீட்டுக் குரல்கள் உள்ளதை முதலில் எடுங்கள். சினிமாப் பாட்டு இன்னொருவர் வீட்டில் கிடைக்கும். உங்கள் பாட்டியின் குரல் கிடைக்காது. பூஞ்சை பிடித்த நாடாவை நல்ல பெட்டியில் ஓட்டாதீர்கள். அழுக்கு பெட்டியில் ஏறி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். கல்யாண வீடியோ நாடா வைத்திருப்போரும் தாமதிக்க வேண்டாம். ஜப்பானில் கடைசியாக அந்த வீடியோ பெட்டிகளைச் செய்துவந்த நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

பெயர் வைக்கும் முறை

படத்துக்குப் பெயரும் ஆண்டும் சேர்த்தே எழுத வேண்டும். ஏன் ஆண்டு? 'பில்லா' என்றால் 1980-ஆம் ஆண்டுப் படமா, 2007-ஆம் ஆண்டுப் படமா? 'பொல்லாதவன்' படமும் அதே இரண்டு ஆண்டுகளில் வந்ததுதான். 'படிக்காதவன்' 1985-இலும் உண்டு, 2009-இலும் உண்டு. அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று! எனவே 'பில்லா (1980)' என்று எழுதுங்கள். 'ஜெல்லிஃபின்' போன்ற இலவச மென்பொருள்களும் பெயரையும் அடைப்புக்குறிக்குள் உள்ள ஆண்டையும் பார்த்துத்தான் படத்தை அடையாளம் கண்டு, சுவரொட்டிப் படத்தோடு அடுக்கிக் காட்டுகின்றன.

பாட்டுக்கு எது பெயர்? மேல்நாட்டுப் பாடல்களுக்குத் தனித் தலைப்பு இருக்கும். நம் திரைப்பாடல்களை நாம் முதலடியால்தான் அழைக்கிறோம். ஆகவே அப்பா செய்ததுபோல் முதலடி, படம், ஆண்டு என்ற வரிசையே நமக்கு நல்லது. ஆங்கில எழுத்தில் எழுதினால் 'மோகனாம்பாள்' ஒருவர் கையில் ஒரு விதமாகவும் இன்னொருவர் கையில் வேறு விதமாகவும் மாறிப் போவாள். தேடினால் பாதிதான் அகப்படும். தமிழிலேயே எழுதுங்கள். இன்றைய கைப்பேசிகளில் தமிழ் தடையின்றி வரும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை 1985-இல் தொடங்கியபோது கணினியில் தமிழ் எழுதுவதே ஒரு சாதனையாக இருந்தது. இன்று அந்த வசதி நம் சட்டைப்பையில் இருக்கிறதே!

தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கருவிகள் நாம் பள்ளியில் படித்த அகர வரிசைப்படி அடுக்குவதில்லை. கணினிக் குறியீட்டில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' வந்துவிடும். 'ர'வுக்கு அடுத்து 'ற' வரும். அதனால் 'அன்னக்கிளி' முன்னாலும் 'அபூர்வ ராகங்கள்' பின்னாலும் நிற்கும். 'கற்பகம்' முந்திக்கொள்ள, 'கல்யாணப் பரிசு' பிந்திவிடும். படம் தொலைந்துவிட்டதே என்று பதறாமல் இரண்டு வரி மேலே பாருங்கள். எண் போடுவதானால் 1, 2 என்று போடாமல் 001, 002 என்று போடுங்கள். இல்லாவிட்டால் காரிலுள்ள சில பாட்டுப் பெட்டிகளில் 1-க்கு அடுத்து 10 பாடும், 2 காத்துக்கொண்டிருக்கும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றை விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் ஏற்காது என்பதையும் நினைவில் கொள்க.

காலரில் தைத்த பெயர்

பாலர் வகுப்புப் பிள்ளையின் சட்டைக் காலரில் தாய்மார் பெயரைத் தைத்து அனுப்புவார்கள். பை மாறினாலும் சட்டை யாருடையது என்று தெரிந்துவிடும். அதைப்போல எம்பி3 பாட்டுக் கோப்புக்குள்ளேயே ஒரு சீட்டு உண்டு. தலைப்பு, பாடியவர், தொகுப்பு, ஆண்டு, குறிப்பு ஆகியவற்றை அதில் எழுதலாம். கோப்பின் வெளிப்பெயர் மாறினாலும் உள்ளே எழுதியது அப்படியே இருக்கும். எரிக் கெம்ப் என்பவர் 1996-இல் இதை ஏற்படுத்தியபோது தலைப்புக்கு 30 எழுத்து இடம் மட்டுமே இருந்தது. பழைய பாட்டுகளின் பெயர் பாதியில் அறுபட்டுத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னால் வந்த முறையில் அந்தத் தடை நீங்கியது. 'எம்பி3டேக்' என்ற மென்பொருளை விண்டோஸ் கணினியில் இலவசமாகப் போட்டு இந்தச் சீட்டை நிரப்பலாம்.

ஆனால் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். "எம்.ஜி.ஆர். பாட்டுப் போடு" என்கிறோம். பாடியவரோ டி.எம்.சௌந்தரராஜன். அவரே சிவாஜிக்கும் பாடியிருக்கிறார். இசை யார் என்று பார்த்தால், 1965 வரை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து. பிரிந்த பின்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் தனியாக. என் பழக்கத்தைச் சொல்கிறேன். தலைப்பில் முதலடி. தொகுப்பில் படமும் ஆண்டும். கலைஞர் கட்டத்தில் பாடியவர். இசையமைப்பாளர் கட்டத்தில் இசையமைப்பாளர். குறிப்பில் நடிகர், எழுதிய கவிஞர், கல்யாணத்துக்கா கோயிலுக்கா தாலாட்டுக்கா என்ற பயன். ஒரே பெயரை ஒரே விதமாக எழுதுவது அவசியம். இன்று 'டி.எம்.எஸ்.', நாளை 'சௌந்தரராஜன்' என்று எழுதினால் கணினி அவரை இரண்டு ஆளாக்கிவிடும்!

ஒரு பாட்டுக்கு இத்தனை முகங்கள் உண்டு என்று பேசும்போது எனக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத் துறைக்கே வழிகாட்டியானவர். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் அதன் பல முகங்களையும் தனித்தனியே குறித்துச் சேர்க்கும் பகுப்பு முறையை அவர் 1933-இல் வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டு முன்னர் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் ஒன்று. அரை நிமிடத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்த என் அப்பா அந்த விதியைப் படித்தவரல்ல. ஆனால் அதன்படி நடந்தவர்.

வீட்டுக் குரலுக்குத் தனிப் பெட்டி

சினிமாப் பாட்டைப் பற்றிய தவறை வேறு யாராவது திருத்திவிடலாம். வீட்டுப் பதிவைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே அதற்குத் தனி உறை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள்: யார் குரல்? எப்போது? எங்கே? என்ன விசேஷம்? கூடக் கேட்கும் குரல்கள் யாருடையவை?

ஐந்தாவது கேள்வி முக்கியம். 94-ஆவது கோப்பில் அம்மா பாடும்போது நடுவே இன்னொரு பெண் குரல் கேட்கிறது. எத்தனை முறை கேட்டும் எனக்கு யாரென்று தெரியவில்லை. அம்மா ஒரே முறை கேட்டுவிட்டு, "அது அடுத்த வீட்டு அக்கா. ஒந்தம்பி பொறந்தப்ப எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது அதுதான்" என்றார். எங்கள் லயத்தில் வாழ்ந்த ஒரு புண்ணியவதியின் குரல் இந்த ஒரு நாடாவில் மட்டும் இருக்கிறது. அது அவருடையது என்று அறிந்தவர் அம்மா ஒருவர்தான். அன்றே எழுதி வைத்தேன். கணினி எவ்வளவு பெரியதானாலும் இந்த ஒரு வரியை அதுவாக எழுதாது. தெரிந்தவர் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுத வேண்டும். அதுவும் தெரிந்தவர் இருக்கும்போதே எழுத வேண்டும்.

இக்காலத்துக் கேசட் எது தெரியுமா? புலனத்தில் வரும் குரல் பதிவுகள்தாம். ஜொகூரில் வேலை செய்யும் மகன் பேசியது, பேத்தி மழலையில் பாடியது எல்லாம் வெறும் தேதியும் எண்ணுமாகக் கைப்பேசியில் கிடக்கின்றன. கைப்பேசி பழுதானால் அவையும் போகும். மாதம் ஒருமுறை நல்லவற்றை எடுத்துப் பெயர் எழுதி உங்கள் வன்தட்டில் சேருங்கள்.

மூன்று நகல், ஒன்று வெளியூரில்

வன்தட்டு ஒருநாள் கெடும். நம் வீட்டில் எழுதிய வட்டுகளும் காலப்போக்கில் படிக்க முடியாமற்போகும். எனவே மூன்று நகல் வைத்திருங்கள். இரண்டு வெவ்வேறு வகைப் பொருளில் இருக்கட்டும். ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். 2021 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பகுதிகளிலும் வீடுகள் கூரைமட்டம் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மூன்று வன்தட்டையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தால் மூன்றும் ஒன்றாகவே மூழ்கும். எங்கள் வீட்டு நகல் ஒன்று தம்பி வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு அவன் வரும்போது புதியதைச் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

பென்டிரைவில் படம் ஏறவில்லை என்று சிலர் சொல்வார்கள். பழைய முறையில் அமைத்த பென்டிரைவ் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. இடம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அப்படித்தான். உள்ளிருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, 'எக்ஸ்ஃபேட்' முறையில் மாற்றி அமைத்தால் ஏறும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்டு. நகல் எடுத்து விற்பதற்கு நான் சொன்ன ஒழுங்கு பயன்பட வேண்டாம்.

கடைசியாக, கணினியிலுள்ள பட்டியலைத் தாளிலும் எழுதி வையுங்கள் அல்லது அச்சடித்து வையுங்கள். எந்த உறையில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் இருக்கட்டும். மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட அதைச் சேலைத்துணியில் சுற்றிக் காப்பாற்ற முடியும்.

என் சேகரிப்பை முழுவதும் ஒழுங்கு செய்ய இரண்டு பள்ளி விடுமுறைகளும் எத்தனையோ இரவுகளும் ஆயின. இன்னும் முடியவில்லை, புதிது வந்துகொண்டே இருக்கிறது. அப்பாவின் நோட்டில் 112-ஆம் பக்கத்துக்குப் பிறகு வெற்றுத் தாள்கள் இருந்தன. அவற்றில்தான் என் பட்டியலைத் தொடர்ந்து எழுதி வருகிறேன். 61-ஆம் பக்கத்தில் மட்டும் அப்பாவின் வரிக்குக் கீழே, "கிடைக்கவில்லை. எண்ணாமல் விட்டது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தாத்தா சொன்ன கப்பல் கதையில் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நினைவிருந்ததைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன். குரல் இல்லை, கதையாவது இருக்கட்டும்.

அந்த 94-ஆவது கோப்புக்கு இப்போது பெயர் இருக்கிறது. அம்மாவின் பெயர், தம்பியின் பெயர், அடுத்த வீட்டு அக்காவின் பெயர், தோட்டத்தின் பெயர், 1984 என்ற ஆண்டு, எல்லாம் உண்டு. தம்பியின் மகள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகிவிட்டாள். விடுமுறைக்கு வந்தால் தானே கணினியைத் திறந்து, பாட்டியின் பெயரைத் தட்டி, தாலாட்டை ஓட விடுகிறாள். மூன்றாவது அடியில் பாட்டி தடுமாறினால் இப்போது அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பெயரில்லாத ஒரு கேசட்டோ, எண் மட்டும் உள்ள ஒரு கோப்போ இருக்கும். அது யார் குரல் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக அருகில் உட்காருங்கள். முதல் பக்கத்தில் 1 என்று எண் போடுங்கள்.